உரோமம் கொள்ளுதல் அறமா?

இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டும். பொருளுக்குத் தொழில் வேண்டும். தொழில் எதுவாயினும் அதில் ஓரளவேனும் உயிர்க்கு ஊறு நேரும். இவற்றுள் எதனையும் நம் ஆசாரியர்கள் மறைக்கவில்லை. ஆதி பகவனாகிய விருஷப தேவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை மக்களுக்குக் கற்பித்தார் என்று புராணங்கள் போற்றுகின்றன. ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்த பெரியோர், கருதிச் செய்யும் கொலையாகிய முதலாவதை இல்லறத்தார் முற்றும் நீக்க வேண்டும் என்றனர். அடுப்பும் உலக்கையும் வீட்டு வேலையும், பிழைப்புத் தொழிலும், தற்காப்பும் காரணமாக நேரும் மற்ற மூன்றையும் இயன்ற வரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்றனர்.

இந்த 'இயன்ற வரை' என்னும் சொல்லைத்தான் நாம் கவனமாக ஆராய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் தொழிலை இச்சொல்லின் முன் நிறுத்தி விசாரித்தாக வேண்டும். நம் முன்னோர் ஏரையும் நெல்லையும் கறவையையும் நிறுத்தி விசாரித்தனர். இன்று நம் குடும்பங்கள் பல கடல் கடந்து வாழ்கின்றன. அங்கே அவர்கள் கண்ணில் படும் புதிய தொழில்களும் இவ்விசாரணைக்கு வந்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் சில ஏக்கர் நிலம் வாங்கி, அல்பாக்கா என்னும் விலங்கை வளர்த்து, அதன் உரோமத்தை நூலாக்கி விற்று வாழும் குடும்பத் தொழில் அது. "கொல்லாமலே பயன் தரும் விலங்கு, இறைச்சியும் இல்லை, தோலும் இல்லை, ஆண்டுக்கு ஒரு முறை முடி வெட்டினால் போதும்" என்று இதனைப் புகழ்வோர் கூறுவர். கேட்ட அளவில் இது சைனக் குடும்பத்துக்கென்றே அமைந்த தொழில் போலத் தோன்றும். அத்தோற்றம் மெய்தானா என்பதே நம் வினா.

விலங்கின் வரலாறு

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது, திமில் இல்லாதது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இதனைப் பழக்கி வளர்க்கலாயினர். விக்குன்யா என்னும் காட்டு விலங்கே இதன் மூதாதை என்பதை 2001ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. இன்றும் உலகிலுள்ள அல்பாக்காக்களில் மிகப் பெரும்பாலானவை பெரு நாட்டில்தான் உள்ளன. பயிர் விளையாத உயரத்தில், 3500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த புல்வெளிகளில், புனோ, குஸ்கோ முதலிய பகுதிகளின் மேய்ச்சற் குடும்பங்கள் சிறு சிறு மந்தைகளாக இவற்றை வளர்த்து வருகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2024ஆம் ஆண்டை ஒட்டகக் குடும்ப விலங்குகளின் ஆண்டாக அறிவித்தது, இத்தகைய எளிய மக்களின் வாழ்வை உலகம் நினைவிற் கொள்ளும் பொருட்டேயாகும்.

இவ்விலங்கின் இயல்பு சாதுவானது. பாதத்தின் அடியில் குளம்பு இல்லை. மெத்தென்ற திண்டு உண்டு. ஆதலால் நிலத்தை அதிகம் கிளறுவதில்லை. மந்தையாகவே வாழும், தனியே வைத்தால் வாடிப்போகும். மந்தை முழுவதும் ஒரே இடத்தில் சாணமிடும் பழக்கமுடையது. கருப்பம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். ஓர் ஈற்றில் ஒரே குட்டி. ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். உரோமம் சுருண்டு அடர்ந்தது ஹுவாக்காயா இனம். நீண்ட சடைகளாகத் தொங்குவது சூரி இனம். ஆட்டுக் கம்பளியில் உள்ள மெழுகுப் பசை இதில் இல்லாமையால் கழுவுவது எளிது. வெண்மை, பழுப்பு, சாம்பல், கருமை என இயற்கையிலேயே பல நிறங்கள் உண்டு. சாயம் தோய்க்காமலே நெய்யலாம்.

1853இல் டைட்டஸ் சால்ட் என்னும் ஆங்கிலேயர் பிராட்போர்டு நகருக்கு அருகில் சால்ட்டேர் என்னும் பெரிய ஆலையைத் திறந்தார். அவர் செல்வத்துக்கு அடிப்படையாய் இருந்தவற்றுள் அல்பாக்கா உரோமமே தலையாயது. எனினும், குடும்பப் பண்ணை என்ற வடிவில் இத்தொழில் பரவியது மிகப் பிற்காலத்தில். 1984இல் அமெரிக்காவில் வணிக நோக்குடன் இவ்விலங்குகள் இறக்குமதி செய்யப்பட்ட பிறகுதான், ஊருக்கு வெளியே சிறிது நிலம் வைத்திருந்த குடும்பங்கள் இதில் இறங்கின.

நூல்கள் வைக்கும் தடைகள்

முதலில் நம் நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். இல்லறத்தார் விலக்கத்தக்க கொடுந்தொழில்கள் பதினைந்து என்று ஒரு பட்டியல் உண்டு. சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரரின் யோக சாஸ்திரத்திலும், திகம்பர மரபில் ஆசாதரரின் சாகார தர்மாமிருதத்திலும் இப்பட்டியல் பேசப்படுகிறது. இதிலுள்ள மூன்று தொழில்கள் நம் வினாவை நேரே தொடுகின்றன.

முதலாவது கேச வாணிஜ்யம். பெயரைக் கேட்டால் முடி வணிகம் என்று தோன்றும். ஆனால் இரு கால், நான்கு கால் உயிர்களையே விலைப்பொருளாக்கி விற்பதை இது குறிக்கிறது என்று உரைகள் விளக்குகின்றன. இரண்டாவது நிர்லாஞ்சன கர்மம். காயடித்தல், மூக்குத் துளைத்தல், சூடிடுதல் முதலிய உறுப்புச் சிதைவுகள் இதில் அடங்கும். மூன்றாவது தந்த வாணிஜ்யம். யானைத் தந்தம் மட்டுமன்றி நகம், எலும்பு, தோல், உரோமம் ஆகியவற்றையும், அவை கிடைக்கும் இடத்துக்கே சென்று வணிகத்தின் பொருட்டுக் கொள்வதை ஹேமசந்திரர் இதில் சேர்க்கிறார்.

மூன்றாவதைப் படித்தவுடன், "உரோமம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டாரே, இனி ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கருதலாம். ஆனால் அத்தடையின் காரணத்தையும் நாம் நோக்க வேண்டும். வணிகன் முன்பணம் கொடுத்துப் பொருள் கேட்டால், கொடுப்பவன் அதற்காக உயிரைக் கொல்வான்; கொன்றவன் ஒருவன், கொல்வித்தவன் மற்றொருவன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்பது நம் கொள்கை. அப்படியாயின், இத்தடை நம்மிடம் கேட்கும் கேள்வி இதுவே: நாம் கொள்ளும் உரோமத்துக்காக எங்கேனும் ஓர் உயிர் சாகிறதா?

இவ்விடத்தில் நம் முனிவர் கையிலுள்ள மயிற்பீலியை எண்ணிப் பார்க்கலாம். அதுவும் ஓர் உயிரின் உடலிலிருந்து வந்ததே. ஆனால் மயில் தானாக உதிர்த்த இறகு அது. அதற்காக மயிலைப் பிடிப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. உடற்பொருளைக் கொள்வது எவ்வாறு குற்றமற்றதாகும் என்பதற்கு அப்பீலியே உயர்ந்த அளவுகோல். அல்பாக்காவின் உரோமம் அந்த அளவுகோலை எட்டுமா?

கொடாததைக் கொள்ளுதல்

எட்டாது என்பதே நேர்மையான விடை. மயில் உதிர்க்கிறது, அல்பாக்கா உதிர்ப்பதில்லை. அதன் உரோமத்தை நாம் வெட்டி எடுக்கிறோம். கொடாததைக் கொள்ளாமை என்பது நம் அணுவிரதங்களில் ஒன்று. விலங்கு வாய் திறந்து "எடுத்துக்கொள்" என்று சொல்லவில்லை.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. ஆண்டுதோறும் கத்தரிக்காவிட்டால் இவ்விலங்கு துன்புறும். கோடையில் உடற்சூடு தாங்காமல் மயங்கி விழும். புழுக்கமான நாடுகளில் இறந்தும் போகும். கண்ணை மறைத்துச் சடை வளரும். இந்நிலை இயற்கை தந்ததன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் அடர்ந்த உரோமமுள்ளவற்றையே தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியதால் வந்தது. மனிதன் கையை நம்பியே வாழும்படி ஓர் உயிரை மனிதனே ஆக்கிவிட்டான். அவ்வாறு ஆக்கப்பட்ட உயிர் இன்று நம் முன் நிற்கும்போது, அதன் சுமையை இறக்கிவைப்பது தயையின் பாற்படும். இறக்கிவைத்த சுமையை வீணாக்காமல் நூலாக்குவதிலும் குற்றமில்லை.

இங்கேதான் நாம் நுட்பமாகப் பிரித்தறிய வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. பிறந்துவிட்ட உயிருக்கு உதவுவது ஒன்று. உதவி தேவைப்படும் உயிரை நம் ஆதாயத்துக்காக மேலும் பிறப்பித்துக்கொண்டே போவது மற்றொன்று. முன்னதற்குக் கருணை என்று பெயர். பின்னதற்கும் கருணை என்றே பெயரிட்டுக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

விக்குன்யாவின் செய்தி இதனைத் தெளிவாக்கும். வேட்டையால் மிகச் சிலவாகக் குறைந்திருந்த அக்காட்டு விலங்கைக் காக்க, 1967இல் பெருவில் பம்பா கலேராஸ் என்னும் காப்பகம் ஏற்பட்டது. இன்று அவை பல இலட்சங்களாகப் பெருகியுள்ளன. மலைவாழ் மக்கள் கைகோத்து வளைத்து, அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, உரோமம் கத்தரித்து, மீண்டும் மலைக்கே விட்டுவிடும் சாக்கு என்னும் இன்கா காலத்து வழக்கம் மீண்டும் நடைபெறுகிறது. ஒரு விலங்கிலிருந்து கிடைப்பது சுமார் 200 கிராம்தான். அந்நேரத்து அச்சம் அவற்றுக்கு உண்டு; ஆதலால் இதுவும் முழுத் தூய்மையானதன்று. ஆயினும் அங்கே வேலி இல்லை, உடைமை இல்லை; உரோமத்தின் விலையே அவ்வினம் வேட்டைக்கு இரையாகாமல் காக்கும் அரணாயிற்று. கொள்வோனின் ஆதாயமும் கொடுக்கும் உயிரின் வாழ்வும் ஒரே திசையில் செல்லுமாறு அமைத்தால் தீமை குறையும் என்பதற்கு இது சான்று.

ஐந்து அதிசாரங்கள்

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரமும் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும் கூறுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இரத்தின கரண்டகத்தின் வழிவந்த நம் அருங்கலச் செப்பினைப் பயின்ற வீடுகளில் இவை புதியன அல்ல. விலங்கு வளர்ப்போர் யாவரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள இதைவிடச் சிறந்த பட்டியல் வேறில்லை. இதனைக் கொண்டு கத்தரிக்கும் நாளைப் பார்ப்போம்.

ஆண்டுக்கு ஒரு முறை, இளவேனிலில், அல்பாக்காவை விரிப்பின் மேல் கிடத்தி, முன் கால்களையும் பின் கால்களையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, இயந்திரக் கத்தியால் கத்தரிப்பது பரவலான முறை. தேர்ந்த கைக்குப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துள்ளும் விலங்கின் தோலில் கத்தி படாதிருக்கவே கட்டுகிறோம் என்பர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்விலங்கு அஞ்சுகிறது, கதறுகிறது, சில வேளை துப்புகிறது. இது கட்டுதல் என்னும் அதிசாரமா?

பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. மருத்துவர் கட்டுப் போடுவதும் திருடன் கட்டிப் போடுவதும் ஒன்றல்ல. ஆனால் இவ்விளக்கத்துக்குள் நாம் வசதியாக ஒளிந்துகொள்ளவும் கூடாது. கூலி தலைக்கு இவ்வளவு என்று பேசப்படும் இடத்தில் வேகம் வருகிறது; வேகம் வந்த இடத்தில் பிரமாதம் வருகிறது. 2020ஆம் ஆண்டு பெரு நாட்டின் பெரிய பண்ணை ஒன்றில் எடுத்த படக்காட்சிகள் வெளிவந்தன. கருவுற்றவற்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி மேசையில் அறைந்து, காயம் உண்டாகக் கத்தரித்து, மரத்துப்போகச் செய்யாமலே தைத்த கொடுமையை உலகம் கண்டது. பல ஆடை நிறுவனங்கள் அவ்வுரோமத்தை வாங்குவதை நிறுத்தின. 2021இல் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்னும் பன்னாட்டு அமைப்பு, பொறுப்புள்ள அல்பாக்கா வளர்ப்புக்கென ஒரு தரநிலையை வகுத்தது. கயிறு அதே கயிறுதான். பிடித்த கையில் அவசரம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

ஆதலால், சைனக் குடும்பம் ஒன்று இத்தொழிலில் இறங்குமாயின், தான் கத்தரிக்கக் கற்றுக்கொள்ளாத விலங்கை வளர்க்கக் கூடாது. அல்லது தன் கண்முன் நடவாத கத்தரிப்புக்குக் கூலி கொடுக்கக் கூடாது. குட்டியிலிருந்தே கைப்பழக்கம் கொடுத்த விலங்கை, ஒருவர் கழுத்தை அணைத்துப் பிடிக்க, நின்ற நிலையிலேயே கத்தரிப்போரும் உண்டு. நேரம் அதிகமாகும்; உரோமம் அவ்வளவு சீராக வராது. அந்த இழப்பைக் கொல்லாமைக்கு நாம் கட்டும் வரி என்று ஏற்றுக்கொள்ளலாம்.

ஆண் குட்டிகள் எங்கே போகின்றன?

இனி, மிகக் கடினமான வினாவுக்கு வருவோம். பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி ஆண். இனப்பெருக்கத்துக்கு வேண்டியவை அவற்றுள் மிகச் சில. மீதமுள்ள ஆண்கள் சண்டையிடாதிருக்கக் காயடிக்கப்படுகின்றன. இது நிர்லாஞ்சன கர்மம். உரோமம் தரமுள்ளதாயின் வைத்துக்கொள்ளப்படுகின்றன. வயது ஏற ஏற இழை பருத்து, விலை குறைகிறது. அதன் பின்? பெருவில் அவை இறைச்சியாகின்றன. பயிர் விளையாத மலையில் வாழும் அம்மக்களை இங்கிருந்து குறை கூறுதல் நமக்கு அழகன்று. ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இறைச்சிச் சந்தை உண்டு. "இறைச்சி இல்லாத தொழில்" என்ற விளம்பரம் பண்ணையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. விற்ற விலங்கின் பின்னே அது செல்வதில்லை. தந்த வாணிஜ்யத்தின் தடை நம்மைக் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது: ஆம், இனம் பெருக்கும் இடத்தில் உயிர் சாகிறது. பசு வளர்ப்போர் தம் காளைக் கன்றுகளைப் பற்றித் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவேயாகும்.

கேச வாணிஜ்யத்தை விலக்கிய பெரியோரின் தொலைநோக்குக்கு அமெரிக்க அனுபவமே சான்றாயிற்று. 1980களின் இறுதியில் அங்கே விலங்குகளுக்கு வம்சப் பதிவேடு ஏற்பட்டது. 1998இல் இறக்குமதி விலங்குகளுக்கு அப்பதிவேடு மூடப்பட்டது. எண்ணிக்கை கட்டுப்பட்டதால் விலை ஏறிற்று. ஒரு பெண் அல்பாக்கா பதினாயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயிற்று. வரிச் சலுகையும் ஆசையைத் தூண்டியது. ஆனால் ஒரு விலங்கின் ஓராண்டு உரோமத்தை மொத்த விலைக்கு விற்றால் அதன் தீனிச் செலவுக்கே போதாது. அப்படியானால் வருவாய் எங்கிருந்து வந்தது? புதிதாய்த் தொழிலுக்கு வருவோருக்குக் குட்டி விற்பதிலிருந்து வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துப் பொருளியல் அறிஞர்கள் சைட்டோன், செக்ஸ்டன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உரோமத்தின் மதிப்பு இவ்விலையைத் தாங்காது, இது ஊதிய குமிழி என்று எச்சரித்தனர். 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் குமிழி உடைந்தது. இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வாரின்றி மந்தைகள் நின்றன. பட்டினி கிடந்தவற்றை மீட்பு இல்லங்கள் ஏற்க வேண்டியதாயிற்று.

உணவும் நீரும் மறுத்தல் என்னும் ஐந்தாம் அதிசாரம் கொடியவர்களால் மட்டும் நிகழ்வதில்லை. தாங்க முடியாத எண்ணிக்கையை ஏற்றுக்கொண்ட நல்லவர்களாலும் நிகழும். பரிக்கிரக பரிமாண விரதத்தில் நிலம், வீடு, பொன் முதலியவற்றோடு கால்நடையையும் எண்ணி எல்லை கட்டிக்கொள்ளச் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். அவ்வெல்லை நம் ஆசையை மட்டுமன்று, நம்மை நம்பிய உயிர்களையும் காக்கிறது.

தொடங்குவோர் தொடங்கும் முறை

அப்படியாயின் இத்தொழில் நமக்கு முற்றிலும் ஆகாததா? இனம் பெருக்கி விற்கும் தொழிலாக அது ஆகாது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் வேறொரு வடிவில் அதற்கு இடமுண்டு. பிறர் வேண்டாமென்று கழித்த முதியவற்றையும், காயடித்த ஆண்களையும், ஈற்று ஓய்ந்த பெண்களையும் ஏற்று, இயற்கையாக உயிர் பிரியும் வரை வைத்துக் காத்து, அவை தரும் உரோமத்தைக் கொண்டு குடும்ப உழைப்பால் பொருள் செய்து, அப்பொருளால் அவற்றையும் தம்மையும் தாங்கிக்கொள்ளும் வடிவம் அது. அத்தகைய விலங்குகள் இன்றும் மிகக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ கிடைப்பதுண்டு. விலை கொடுக்காமல் ஏற்பதே நன்று; கொடுத்தால் அப்பணம் இனம் பெருக்குவோரை ஊக்குவிக்கும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்காமல் ஒரு பாலினத்தையே வைத்தால், புதிதாய்க் காயடிக்கும் தேவையே எழாது.

கணக்கையும் பார்ப்போம், கணக்கில்லாத கருணை பாதி வழியில் நின்றுவிடும். ஒரு குடும்பம் 10 விலங்குகளை ஏற்பதாகக் கொள்வோம். விலங்குக்கு ஆண்டுக்கு இரண்டரை கிலோ உரோமம் என்றால் மொத்தம் 25 கிலோ. கழுத்து, கால், வயிற்றுப் பகுதியின் முரட்டு இழையையும் தூசியையும் கழித்தால் நூலுக்கு 15 கிலோ மிஞ்சலாம்; 100 கிராம் கொண்ட நூற்கண்டுகளாக 150 ஆகும். தீனியோ, விலங்குக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ உலர்புல் வீதம், ஆண்டுக்கு நாலரை டன்னுக்கு மேல். இதனோடு மருத்துவம், கொட்டகை, ஆலைக் கூலி. நூற்கண்டாகவே விற்றால் கை கடிக்கும். பிரித்தல், கழுவுதல், சிக்கெடுத்தல், நூற்றல், பின்னுதல் எனக் குடும்பமே ஒவ்வொரு படியையும் கற்று, காலுறை, கையுறை, போர்வை, முரட்டு இழையால் விரிப்பு, மெத்தைப் பஞ்சு என முடிந்த பொருளாக விற்றால்தான் கட்டுப்படியாகும். முதிய விலங்கின் இழை சற்றுப் பருத்தே இருக்கும். மென்மையை விரும்புவோர் அதிக விலை தரமாட்டார். ஆதலால் இது செல்வம் குவிக்கும் தொழிலன்று. வேறொரு வருவாய் உள்ள குடும்பம், உழைப்பையும் ஒழுக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் துணைத்தொழிலாகக் கொள்ளத்தக்கது. ஆதிநாதர் கற்பித்த ஆறில் சிற்பமும் ஒன்று என்பதை மறவாதிருப்போம். இங்கே பொருளை மதிப்புடையதாக்குவது விலங்கின் எண்ணிக்கையன்று, மனிதன் கைத்திறனே.

நிலத்தைத் தேர்வதிலும் அறம் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெள்ளை வால் மான்களிடமிருந்து நத்தை, ஓடில்லா நத்தை வழியாக ஒரு புழு பரவி, அல்பாக்காவின் தண்டுவடத்தைத் தாக்கி முடமாக்கும். அதனைத் தடுக்க மாதந்தோறும் மருந்து ஊசி போடுகின்றனர்; நத்தைகளைத் தின்ன வாத்துகளை விடுவோரும் உண்டு. ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை ஏவுவது நமக்கு ஒவ்வாது. ஈரமும் நிழலும் நிறைந்த காட்டோரத்தை விடுத்து உலர்ந்த மேட்டு நிலத்தைத் தேர்ந்தால், இச்சிக்கல் பெரும்பாலும் எழாமலே போகும். மேயும் இடத்தை முறை மாற்றி, சாணத்தை அவ்வப்போது அகற்றினால் வயிற்றுப் புழுக்களும் குறையும். காவலுக்கு நாய் வைத்தால் அதற்கு ஊன் வேண்டியிருக்கும். உயர்ந்த வேலியும் இரவில் அடைக்கும் கொட்டகையும் அத்தேவையைத் தவிர்க்கும். சேர்த்து வைத்த உரோமத்தில் அந்து விழுந்த பின் கொல்ல மருந்து தேடுவதைவிட, தூய்மையாகக் கழுவி இறுக மூடி வைத்து, விழாமலே காப்பது நன்று. வந்த பின் கொல்லும் நிலையை வருமுன் விலக்குவதே இல்லறத்தாரின் அகிம்சையில் பெரும்பகுதி.

முடிவாக

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர் நேமிநாதர் தம் திருமண ஊர்வலத்தில், விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டுத் தேரைத் திருப்பினார். திருமலையில் சிகாமணிநாதராக அவரை வணங்குகிறோம். அவர் அவ்விலங்குகளை அடைக்கவில்லை, கொல்லவும் இல்லை. தம் பொருட்டு அவை அடைக்கப்பட்டன என்ற ஒன்றே அவர்க்குப் போதுமாயிருந்தது. நாம் தேரைத் திருப்பித் துறவு பூணும் வலிமை பெற்றவர் அல்லோம். ஆனால் நம் பொருட்டு எந்த வேலிக்குள் எவ்வுயிர் நிற்கிறது, எதற்காக நிற்கிறது, அதன் கடைசி நாளில் யார் அருகிருப்பார் என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு.

இக்கேள்வி அல்பாக்கா வளர்க்க எண்ணும் ஒரு சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. குளிர்நாட்டுக்குச் செல்லும் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்குவோருக்கும், கூட்டுப்புழுவை வெந்நீரில் இட்டு எடுத்த பட்டை மணவறையில் உடுத்துவோருக்கும், கறவை வைத்திருப்போருக்கும் அது பொதுவானது. தொழில் தொடங்கும் குடும்பம் முதலில் மூன்று உறுதிகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும்: எண்ணிக்கைக்கு எல்லை கட்டுவோம், இலாபத்துக்காக இனம் பெருக்கோம், உரோமம் தராத நாளிலும் உணவு தருவோம். இம்மூன்றையும் ஏற்ற பின் கணக்குப் பார்த்து, கட்டுமானால் தொடங்கட்டும். கட்டாது என்று தெரிந்தால், தொடங்காமல் விடுவதும் ஒரு நல்லறமே. உயிரின் விலையைக் குறைத்துத்தான் இலாபம் காட்ட முடியும் என்னும் தொழில், கொல்லாத தொழில் என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் நமக்கு உரியதன்று.

இயன்ற வரை என்று நம் பெரியோர் விட்டுச்சென்ற சொல், நம் வசதிக்கு விட்ட இடமன்று. நம் முயற்சிக்கு விட்ட இடம். ஒவ்வோர் ஆண்டும் அவ்விடத்தில் ஓர் அடியேனும் முன் வைப்போமாக. அறம் ஓங்குக.